யானைகளின் மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி

நுழையுமுன்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், நெய்யாற்று நீர்த்தேக்கத்தை ஒட்டிய கோட்டூர் காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம் ஒன்று உள்ளது. காட்டில் தாயை இழந்து தனித்து நின்ற கன்றுகள் அங்கே பாலூட்டி வளர்க்கப்படுகின்றன. பள்ளிச் சுற்றுலாவின்போது உங்களுள் சிலர் அவற்றை நேரில் கண்டிருப்பீர்கள். இத்தகைய கன்றுகளைப் பேணும் அறிவு தென்னாட்டில் எவ்வாறு திரண்டது என்பதை, அதற்காக வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் வரலாற்று வழியே இப்பாடம் கூறுகிறது.

வைத்தியநாதன் கிருஷ்ணமூர்த்தி 1929ஆம் ஆண்டு பிறந்தார். நோய் தீர்க்கும் தலைவன் என்று பொருள்படும் பெயர் முன்னெழுத்தாக அமைந்த ஒருவர் மருத்துவரானது இனிய பொருத்தமே. ஆனால் அவர் தேர்ந்துகொண்டது மனிதருக்கான மருத்துவம் அன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அக்கல்லூரி 1903இல் தொடங்கப்பெற்றது. ஆடு, மாடு, குதிரை ஆகியவற்றின் பிணிகளே அந்நாளில் அங்கே முதன்மைப் பாடமாக இருந்தன. பட்டம் பெற்ற மருத்துவர்கள் நாட்டுப்புறங்களிலும் நகரங்களிலும் இருந்த கால்நடை மருத்துவமனைகளுக்குச் சென்றனர். கிருஷ்ணமூர்த்தியோ 1950களில் காட்டுக்குச் சென்றார்.

அக்காலத்தில் வனத்துறை யானைகளை வளர்த்தது அவற்றின் மீதுள்ள அன்பினால் மட்டும் அன்று. சாலை செல்லாத மலைச்சரிவுகளில் வெட்டப்பட்ட தேக்கு மரங்களை இழுத்துவர யானையை விட்டால் வேறு வழி இல்லை. ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப் என்னும் இடத்தின் பெயரே அந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கிக் கீழே சமவெளிக்கு இறக்கிய இடம் அது. நீலகிரியின் அடிவாரத்தில், மாயாற்றின் கரையில் அமைந்த தெப்பக்காடு முகாமும் அத்தகையதே. இம்முகாம்களுக்கு வேண்டிய யானைகள் காட்டில் குழி வெட்டிப் பிடிக்கப்பட்டன. யானை பிடிக்கும் அக்குழியைச் சங்கப் புலவர்கள் பயம்பு என்று வழங்கினர். அவர்கள் அறிந்திருந்த அதே முறை, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும் காலம் வரையில் ஏறத்தாழ மாறாமலே நீடித்தது என்பது வியப்புக்குரியது.

டாப்ஸ்லிப்பிலும் முதுமலையிலும் கிருஷ்ணமூர்த்தி நெடுங்காலம் பணியாற்றினார். அவர் பொறுப்பேற்றபோது யானை மருத்துவத்திற்கெனக் கையில் எடுத்துப் படிக்கத்தக்க நூல்கள் மிகச் சிலவே இருந்தன. பாலகாப்பிய முனிவரின் பெயரால் வழங்கும் பழைய வடமொழி நூல் ஒன்று இருந்தது. கேரளத்தில் திருமங்கலத்து நீலகண்டன் இயற்றிய மாதங்கலீலை யானையின் இலக்கணத்தைக் கூறியது. பர்மாவில் பணிபுரிந்த இவான்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1910இல் யானை நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். எஞ்சியவை எல்லாம் பாகர்களின் நினைவில் இருந்தன. ஆனைமலையில் மலசர்களும் முதுமலையில் குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினரும் தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்ந்தவர்கள். காலையில் யானை காதை அசைக்கும் முறையை வைத்தே அதன் உடல்நலத்தைச் சொல்லக்கூடியவர்கள். பட்டம் பெற்ற மருத்துவர் அவர்களிடம் மாணவராக அமர வேண்டியிருந்தது. அப்படி அமரத் தயங்கியவர்கள் யானை மருத்துவத்தில் நெடுந்தொலைவு செல்லவில்லை.

யானையின் உடலும் மற்ற விலங்குகளின் உடலைப் போன்றது அன்று. அதற்குப் பித்தப்பை கிடையாது. இதயத்தின் நுனி இரண்டாகப் பிளவுபட்டிருக்கும். நமக்கு நுரையீரலுக்கும் விலாச்சுவருக்கும் நடுவே சிறிய இடைவெளி உண்டு. யானைக்கு நுரையீரல் விலாச்சுவரோடு திசுவால் ஒட்டியே இருக்கும். இதனால் நோயுற்ற யானை ஒருக்களித்து நெடுநேரம் படுத்துவிட்டால், அதன் எடையே அதன் மூச்சை அழுத்தும். விழுந்த யானையை எப்படியேனும் எழுப்பி நிறுத்துவது மருந்து கொடுப்பதைவிட முந்திய கடமையாவது இதனால்தான். தோல் சில இடங்களில் ஓர் அங்குல அளவு தடிப்பானது. குருதி எடுக்கவும் ஊசி செலுத்தவும் காதின் பின்புறத்து நரம்பையே நாட வேண்டும். மாட்டுக்குரிய மருந்தளவை எடைக்கேற்பப் பெருக்கிக் கொடுத்தால் போதும் என்று எண்ணுவது பிழை. உடல் பெரிதாகும்போது உயிரின் வேக நடை குறைகிறது. நேர்விகிதத்தில் பெருக்கிய மருந்து யானைக்கு மிகையாகி நஞ்சாகவும் கூடும். இவற்றையெல்லாம் கிருஷ்ணமூர்த்தி முகாம்களில் நாள்தோறும் கண்டு பழகினார்.

முகாம் யானையின் ஒரு நாள் விடியலில் தொடங்கும். இரவெல்லாம் காலில் சங்கிலி இழுபடக் காட்டில் மேய்ந்த யானையைப் பாகரும், காவடி எனப்படும் உதவியாளரும் அடிச்சுவடு பார்த்துத் தேடிப் பிடித்து வருவார்கள். ஆற்றில் குளிப்பாட்டும்போதே புண், வீக்கம், நகவெடிப்பு ஆகியவை கண்ணில் படும். மரம் இழுக்கும் யானைக்கு முதுகில் கட்டும் மெத்தையும் வடமும் உராய்ந்து சீழ்க்கட்டி உண்டாவது வழக்கம். கேழ்வரகுக் களி, வேகவைத்த கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு, தாதுப்பொடி ஆகியவற்றை உருண்டையாகப் பிடித்து ஊட்டுவார்கள். எந்த யானைக்கு எத்தனை கிலோ என்பது எடையையும் வேலையையும் பொறுத்து எழுதி வைக்கப்பட்டிருக்கும். இந்த எழுதி வைக்கும் வழக்கம் நம் கவனத்திற்கு உரியது. பிடிபட்ட நாள், உயரம், கன்று ஈன்ற நாள், நோய், இறப்பு என ஒவ்வொரு யானைக்கும் ஒரு பதிவேடு இருந்தது. சென்னை மாகாணத்து யானைகளைப் பற்றிய இத்தகைய குறிப்புகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பின்னோக்கிச் செல்கின்றன. பல அதிகாரிகளுக்கு அவை வெறும் அலுவலகத் தாள்கள். கிருஷ்ணமூர்த்திக்கு அவை ஒரு மருத்துவ நூலின் சிதறிய பக்கங்களாகத் தோன்றின.

அவர் அவற்றைத் தொகுத்தார். அமெரிக்க விலங்கியல் அறிஞர் கிறிஸ் வெம்மருடன் இணைந்து, இந்தியாவின் மரம் இழுக்கும் யானைகளின் மருத்துவ வரலாற்றை 1995இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமார் முதலியோருடன் சேர்ந்து, தென்னிந்திய முகாம் யானைகளின் பிறப்பு இறப்புக் கணக்கை 1997இல் வெளியிட்டார். பிடிபட்ட யானைகள் இனப்பெருக்கம் செய்வதில்லை என்னும் எண்ணம் உலகின் பல விலங்குக் காட்சிச்சாலைகளில் அப்போது நிலவியது. தமிழ்நாட்டு முகாம்களிலோ பிடிகள் இரவில் காட்டில் மேய்ந்தபோது காட்டுக் களிறுகளோடு கூடிக் கருவுற்றன. கன்றுகள் பல பிறந்தன. யானைக்குக் காட்டையும் சுற்றத்தையும் ஓரளவேனும் விட்டுவைத்த முகாமில் யானை இனமாக வாழ்கிறது; தனிச்சிறையில் வைத்த இடத்தில் வெறும் உயிராக மட்டும் இருக்கிறது. அந்தக் கணக்கேடுகள் காட்டிய உண்மை இதுவே.

பிடி ஒன்று 20 முதல் 22 மாதங்கள் கருவைச் சுமக்கிறது. பிறக்கும் கன்றின் எடை ஏறத்தாழ நூறு கிலோ. தாய்க்கு முலைகள் முன்னங்கால்களுக்கு நடுவே உள்ளன. கன்று துதிக்கையை மேலே சுருட்டிக்கொண்டு வாயினால் பால் குடிக்கும். தொல்காப்பியர் யானையின் இளமைக்குக் குழவி என்னும் பெயரும் வழங்கலாம் என்றார். மனிதப் பிள்ளைக்கு உரிய அதே சொல் அது. யானைக்கன்று பேணலை ஒரு முறை பார்த்தவர்கள் அந்த இலக்கண விதியின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் தாய்ப்பாலின்றி அது பிழைப்பது அரிது. கூட்டத்தில் உள்ள மற்றப் பிடிகள் செவிலித்தாயராக நின்று அதைத் தாங்கிப் பிடிக்கும். பள்ளத்தில் விழாமல் துதிக்கையால் வளைத்துக்கொள்ளும். தாயின் சாணத்தைக் கன்று சிறிது உண்பதும் உண்டு. இழிவாகத் தோன்றும் இச்செயலால்தான் நார் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் அதன் குடலில் குடியேறுகின்றன.

இவ்வளவும் ஒரே நாளில் அற்றுப்போன கன்றுதான் முகாமுக்கு வந்து சேர்கிறது. பயிர் காக்கச் சட்டத்திற்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் தாய் இறந்திருக்கும். அல்லது இருப்புப்பாதையில் அடிபட்டிருக்கும். கன்று கைவிடப்பட்ட கிணற்றிலோ அகழியிலோ விழுந்து, கூட்டம் விட்டுப் போயிருக்கும். மழைக்காலத்து வெள்ளத்தில் பிரிந்த கன்றுகளும் உண்டு. வந்து சேரும்போது பெரும்பாலும் நீரிழந்து, வயிற்றுப்போக்குடன், அச்சத்தால் நடுங்கிக்கொண்டிருக்கும். பசும்பாலைக் கொடுத்தால் அதன் கொழுப்பு செரிக்காமல் நோய் முற்றும். ஆகவே முகாம்களில் மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவு, மெல்லிய கேழ்வரகுக் கஞ்சி, இளநீர், குளுக்கோஸ் ஆகியவற்றைச் சில மணிநேரத்திற்கு ஒருமுறை இரவு பகலாகப் புகட்டுவார்கள். ஆப்பிரிக்காவின் கென்யாவில் டாப்னே ஷெல்டிரிக் என்னும் அம்மையார் பல கன்றுகளை இழந்த பிறகு, 1970களில், தேங்காய் எண்ணெய் கலந்த பால்மாவே யானைக்கன்றுக்கு ஒத்துக்கொள்கிறது என்று கண்டறிந்தார். தென்னை மரங்களுக்கு நடுவே வாழும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தரும். ஆனால் அவ்வாறு அவர் காப்பாற்றிய முதல் கன்று, மகளின் திருமணத்திற்காக அவர் சில நாள் பிரிந்து சென்றபோது உணவை மறுத்து இறந்துபோயிற்று. அதன்பின் ஒரே ஆளிடம் கன்றைப் பழக விடாமல், பலர் மாறி மாறிப் பேணும் முறையை அவர் கைக்கொண்டார்.

கன்றைப் பேணுவது இங்ஙனம் ஒரு கலை. எனினும் கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையில் நாம் முதன்மையாகக் கருத வேண்டியது வேறொரு பணி. காட்டில் இறந்து கிடக்கும் ஒவ்வொரு யானையையும் கூறாய்வு செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். இன்று அது வழக்கமான நடைமுறை. அன்று அப்படி இல்லை. மலைக்காட்டில் அழுகிக் கிடக்கும் பேருடலை ஏன் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களே மிகுதி. புதைத்துவிட்டால் அல்லது கழுகுகளுக்கு விட்டுவிட்டால் வேலை முடிந்தது. நோயினால் இறந்தது என ஒரு வரி எழுதினால் கோப்பும் மூடப்பட்டுவிடும்.

யானையைக் கூறாய்வு செய்வது எத்தகைய வேலை என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். வெப்பநாட்டில் யானையின் உடல் சில மணிநேரத்தில் ஊதத் தொடங்கும். தடித்த தோலுக்குள் வெப்பம் அடைபட்டு உள்ளுறுப்புகள் விரைந்து அழுகும். மருத்துவர் பல மைல் நடந்து அங்கே சேர்வதற்குள் நாற்றம் தாங்க முடியாததாகிவிடும். மூக்கு, வாய், ஆசனவாய் ஆகியவற்றிலிருந்து உறையாத கருங்குருதி வழிந்திருந்தால் உடலைத் திறக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். வெட்டினால் அதன் விதைகள் மண்ணில் பரவிப் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அத்தகைய உடலை எரிக்க வேண்டும் அல்லது சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். அந்த ஐயம் தீர்ந்த பிறகே கோடரியும் கத்தியும் எடுக்கப்படும். உடலைப் புரட்ட உயிருள்ள யானை ஒன்றின் துணை தேவைப்படும். பின்னர் மருத்துவர் அந்தப் பேருடலுக்குள் ஏறக்குறைய இறங்கியே நின்று உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கிருஷ்ணமூர்த்தி இவ்வாறு நூற்றுக்கணக்கான யானைகளை ஆராய்ந்தார். எதற்காக? நோயென்று எழுதப்பட்ட சாவுக்குள் துப்பாக்கிக் குண்டு இருக்கக்கூடும். ஆசிய யானைகளில் களிறுகளுக்கு மட்டுமே பெருந்தந்தம் உண்டு. ஆகவே தந்தத் திருடர் களிறுகளையே குறிவைத்தனர். 1970கள் முதல் தென்னகக் காடுகளில் களிறுகளின் தொகை வீழ்ந்தது. மின்சாரம் தாக்கிய யானையின் துதிக்கையிலோ காலிலோ சிறிய கருகிய தழும்பு மட்டுமே இருக்கும், தேடினால்தான் தெரியும். குடற்புழுவா, வறட்சியில் பசியா, வெடிவைத்த பழமா, நஞ்சா என்பதை உடல் மட்டுமே சொல்லும். காரணம் தெரியாத சாவு மறுபடியும் நிகழும். தாய் ஏன் இறந்தாள் என்று அறியாமல் கன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டும் இன்னொரு கன்று அதே வாயிலில் வந்து நிற்கும். அனாதைக் கன்றுகளுக்குச் செய்யும் மருத்துவத்தின் முதற்பகுதி இறந்த தாயிடமிருந்தே தொடங்குகிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கழிந்த பின்பு, அவருடைய வாழ்க்கையில் ஒரு பெருநிகழ்ச்சி நடந்தது. கேரளத்தின் வயநாட்டுப் பகுதியையும் தமிழ்நாட்டின் கூடலூர்ப் பகுதியையும் பிரிப்பது வரைபடத்தில் உள்ள கோடு மட்டுமே. யானைக்கு அது ஒரே காடு. அங்கே ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாக் களிறு, மக்களைத் தாக்கி வந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் அதனால் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டது. கேரளத்தில் அதைச் சுட்டுக்கொல்ல ஆணை பிறந்தது. ஆணையைக் குறை கூறுவது எளிது. ஆனால் தந்தையையோ மகளையோ இழந்த குடும்பங்கள் அங்கே இருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது. யானை எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. தமிழ்நாட்டு வனத்துறை அதைக் கொல்லாமல் பிடிக்க முடிவு செய்து, அப்பொறுப்பைக் கிருஷ்ணமூர்த்தியிடம் ஒப்படைத்தது. அவருக்கு அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது.

மயக்க ஊசியால் யானையைப் பிடிப்பது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். மருந்து குறைந்தால் யானை வெறிகொண்டு ஓடும். மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். சரிவில் விழுந்தால் கால் முறியும். நீர்நிலை அருகே மயங்கினால் துதிக்கை நீரில் மூழ்கி மூச்சுத் திணறும். மார்பின் மேல் குப்புறச் சாய்ந்துவிட்டால் முன்னர்க் கூறியபடி நுரையீரல் நசுங்கும். மயக்கம் தெளிவதற்குள் கும்கிகள் இருபுறமும் நின்று அதைத் தாங்கிக் கொண்டுபோக வேண்டும். 1998 ஜூலையில் அந்த மக்னா உயிரோடு பிடிபட்டது. அதன் உடலில் பழைய காயங்கள் பல இருந்தன. மனிதரைக் கண்டால் பாய்ந்த அந்த யானை, மனிதரால் எத்தனை முறை தாக்கப்பட்டிருந்தது என்பதை அதன் தோலே காட்டியது.

தெப்பக்காட்டில் தடித்த மரங்களால் அமைத்த கரால் என்னும் கூண்டில் அதை அடைத்துப் புண்களுக்கு மருந்திட்டார்கள். பாகர்கள் நாள்தோறும் அருகே சென்று பேசினார்கள், உணவு கொடுத்தார்கள். சீழ் வடிந்து புண்கள் ஆறின. சினமும் சிறிது சிறிதாக ஆறியது. கொலைகாரன் என்று பெயர் வாங்கிய யானை, முகாமிலேயே மிகச் சாதுவான யானைகளுள் ஒன்றாக மாறியது. மருத்துவரின் பெயரையே சுருக்கி அதற்கு மூர்த்தி என்று பெயரிட்டார்கள். அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் அம்முகாமில் வாழ்ந்து, மூர்த்தி 2024 அக்டோபரில் முதுமையால் இறந்தது. தம் பெயர் ஒரு கல்வெட்டில் பொறிக்கப்படுவதைவிட இது கிருஷ்ணமூர்த்திக்குப் பிடித்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் ஆசிய யானை வல்லுநர் குழுவில் அவர் உறுப்பினராக இருந்தார். 2000ஆம் ஆண்டில் வேணு மேனன் வாழ்நாள் சாதனையாளர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. கோயில்களில் கருங்கல் தரையில் ஆண்டு முழுவதும் நிற்கும் யானைகளின் நலத்திலும் அவர் கருத்துச் செலுத்தினார். 2002 டிசம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். கோயில் யானைகளைச் சில வாரங்கள் காட்டுக்கு அழைத்துச் சென்று ஓய்வளிக்கும் அரசு நலவாழ்வு முகாம் அடுத்த ஆண்டே முதுமலையில் தொடங்கியது.

தமிழ்நாட்டில் பலர் அவரை அறிந்தது ஜெயமோகன் எழுதிய யானை டாக்டர் என்னும் கதையின் வாயிலாக. அக்கதை மலையாளத்திலும் பெயர்க்கப்பட்டுக் கேரளத்து வாசகர்களால் விரும்பிப் படிக்கப்பட்டது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அது இருக்கக்கூடும். கதையை வாசிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்க. கதையாசிரியர் ஒரு மனிதரின் உள்ளத்தைக் காட்ட நிகழ்ச்சிகளைப் புனையும் உரிமை உடையவர். வாழ்க்கை வரலாறு எழுதுவோருக்கு அவ்வுரிமை இல்லை. இப்பாடத்தில் அக்கதையின் நிகழ்ச்சிகள் சேர்க்கப்படாமைக்கு அதுவே காரணம்.

அவர் மறைந்த பிறகு இத்துறை அடைந்த நிலையையும் கூற வேண்டும். காப்பாற்றிய கன்றைக் காட்டுக்கே திருப்பி அனுப்புவதுதான் இன்று எங்கும் பேசப்படும் இலக்கு. இலங்கையின் உடவளவையில் 1995இல் நிறுவப்பட்ட யானைகள் இடைத்தங்கல் இல்லம் அதில் முன்னோடி. அங்கே பார்வையாளர்கள் கன்றுகளைத் தொட இடமில்லை. பாலூட்டும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கன்றுகள் கூட்டமாகக் காட்டில் மேய்கின்றன. ஐந்து வயது அளவில் அவற்றைக் கூட்டமாகவே தேசியப் பூங்காவில் விடுகிறார்கள். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் காடு சேர்ந்துள்ளன. அசாமில் காசிரங்காவுக்கு அருகே 2002இல் தொடங்கிய மறுவாழ்வு மையமும் வளர்ந்த கன்றுகளை மானஸ் தேசியப் பூங்காவில் விட்டு வருகிறது. தெப்பக்காட்டிலும் கோட்டூரிலும் வளரும் கன்றுகளோ பெரும்பாலும் முகாம் யானைகளாகவே தங்கிவிடுகின்றன. மனிதரைச் சுற்றமாகக் கொண்டு வளர்ந்த யானை, பசித்தபோது காட்டைத் தேடாமல் ஊரைத் தேடும். அப்படி வரும் யானையை ஊரார் வரவேற்பதில்லை.

கோட்டூர் மையம் 2021ஆம் ஆண்டில் பெரிய இழப்பொன்றைச் சந்தித்தது. நலமாகத் திரிந்த இரு கன்றுகள் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தன. கூறாய்வும் ஆய்வகச் சோதனையும் யானைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வகைத் தீநுண்மியே காரணம் என்று காட்டின. இளங்கன்றுகளின் நுண்குழாய்களைச் சிதைத்து உள்ளேயே குருதியைக் கசியச் செய்யும் நோய் அது. நாக்கு நீலம் பாய்ந்து முகம் வீங்கிய ஓரிரு நாள்களில் உயிர் போய்விடும். காரணம் உடனே தெரிந்ததால், மற்றக் கன்றுகளுக்கு அத்தீநுண்மிக்கு எதிரான மருந்தைக் காலம் தாழ்த்தாமல் தொடங்க முடிந்தது.

கன்றை முகாமுக்கே கொண்டுவராமல் தாயிடம் சேர்ப்பது எல்லாவற்றினும் சிறந்தது. 2023 டிசம்பர் இறுதியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், வால்பாறைப் பக்கம், சில மாதக் கன்று ஒன்று கூட்டத்தைப் பிரிந்து தேயிலைத் தோட்டத்தில் அலைந்தது. கிருஷ்ணமூர்த்தி நடந்து திரிந்த அதே மலைத்தொடர் அது. வனத்துறையினர் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டுக் கூட்டம் இருக்கும் இடத்தைக் கண்டார்கள். மனிதர் தொட்ட வாடை இருந்தால் தாய் ஐயுறக்கூடும் என்பதால், கன்றை ஆற்று நீரில் குளிப்பாட்டி உடலெங்கும் சேறு பூசினார்கள். பின்னர்க் கூட்டத்தின் வழியில் விட்டுவிட்டு விலகி நின்றார்கள். சில நாள் கழித்து அவர்கள் எடுத்த ஒளிப்படத்தில், அக்கன்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே தாயின் மேல் காலைப் போட்டுக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தது.

பயிற்சி

1. விழுந்த யானையை எழுப்பி நிறுத்துவது ஏன் மருந்தைவிட முந்திய கடமையாகிறது?
2. யானையின் கூறாய்வுக்கு முன் மருத்துவர் எதை உறுதி செய்துகொள்ள வேண்டும்? ஏன்?
3. உடவளவை இல்லமும் கோட்டூர் மையமும் கன்றுகளை வளர்க்கும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?
4. மக்னாவைச் சுட்டுக்கொல்ல வேண்டும் என்றும், உயிரோடு பிடிக்க வேண்டும் என்றும் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
5. பிடி, களிறு, குழவி, பயம்பு ஆகிய சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.